ஏப்ரிகொட் கன்று வாங்குமுன்: ஹாரோவா, மஞ்சூரியனா, தொட்டியா, இல்லை செரியா?

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, பின்வளவில ஏப்ரிகொட் மரம் ஒன்று வைக்கப் போறம். குளிருக்குச் சாகாத சாதியாப் பார்த்துச் சொல்லுங்கோ." இந்த வருடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பிரம்ப்டனில் புது வீடு வாங்கிய தம்பி. இன்னொருவர் ஒட்டாவாவில் இருக்கும் நண்பர். மூன்றாமவர் மகனோடு எட்மன்டனுக்குக் குடிபோன ஓர் அக்கா. மூவருக்கும் ஒரே பதில் சரிவராது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் என்ற நகரில். பின்வளவில் இரண்டு ஏப்ரிகொட் மரம், கராஜுக்குள் போய்வரும் தொட்டி மரம் ஒன்று. முதல் மரத்தை வீட்டின் தெற்குச் சுவரோடு ஒட்டி வைத்தேன். குளிர்நாட்டில் மரத்துக்குச் சூடு வேண்டும், சுவர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பது என் கணக்கு. நாலாவது வருடம் ஏப்ரல் நடுவில், இலை ஒன்றுகூட வரும் முன்பே, மரம் முழுக்கப் பூத்தது. தெருவால் போனவர்கள் நின்று படம் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் இரவு மைனஸ் 5.

காலையில் பார்த்தால் பூக்கள் நேற்றுப்போலவே இருந்தன. ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்தேன். இதழ் வெள்ளையாக இருந்தது, மகரந்தத் தாள்கள் மஞ்சளாக இருந்தன. நடுவில் இருக்கும், பின்பு பழமாகும் சூலகம் மட்டும் எரிந்த தீக்குச்சியின் நுனிபோல் கறுத்திருந்தது. இருபது பூவைப் பிளந்தேன், பதினெட்டில் கறுப்பு. அந்த வருடம் அந்த மரத்தில் எங்களுக்குக் கிடைத்தது 11 பழம். மரத்தில் ஒரு கொப்புக்கூடப் பட்டுப்போகவில்லை. குளிருக்குச் சாகாத மரம் வேண்டும் என்று கேட்டேன், அது கிடைத்தது. பழம் தரும் மரம் எது என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

கட்டை தாங்குமா? கன்றில் தொங்கும் அட்டையில் வலயம் 4, வலயம் 5 என்று ஓர் எண் இருக்கும். அந்த வலயத்தின் வழக்கமான கடுங்குளிரை மரத்தின் கட்டை, அதாவது அடிமரமும் கொப்புகளும், தாங்கும் என்பதே அதன் பொருள். எண் சிறுத்தால் குளிர் கூடும். ரொறன்ரோவின் ஏரிக்கரைப் பக்கம் ஏறத்தாழ 6, 7. மார்க்கம், பிரம்ப்டன் போன்ற இடங்கள் 5, 6. ஒட்டாவா 5. வினிப்பெக், எட்மன்டன் பக்கம் 3, 4. உங்கள் வலயத்தைவிட எண் பெரிதாக உள்ள கன்றை எடுக்காதீர்கள். இந்த அளவுகோலுக்கு இவ்வளவு போதும்.

பூ தப்புமா? என் மரத்தில் பிழைத்தது இங்கேதான். ஏப்ரிகொட்டுக்குக் குளிர்காலத்தில் ஓர் ஓய்வுக் கணக்கு உண்டு. 0 பாகைக்குச் சற்று மேலே, 7 பாகைக்குக் கீழே உள்ள குளிரில் ரகத்தைப் பொறுத்துப் பல நூறு மணித்தியாலங்கள் கழியவேண்டும். ரொறன்ரோப் பக்கம் இலையுதிர்காலமும் டிசம்பரும் சேர்ந்தே இந்தக் கணக்கைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு மரம் வெயிலுக்காக மட்டும் காத்திருக்கிறது. பெப்ரவரியில் நாலு நாள் ஸ்னோ உருகி, 10 பாகை அடித்தால் மொட்டு அசையத் தொடங்கும். ஒருமுறை அசைந்த மொட்டுக்கு முன்பிருந்த தாங்கும் பலம் முழுதாகத் திரும்பாது.

இறுக்கமாக மூடிய மொட்டு மைனஸ் 20ஐத் தாங்கும். விரிந்த பூவின் கதை வேறு. மைனஸ் 2.8 பாகையில் அரை மணித்தியாலம் இருந்தால் பத்தில் ஒன்று சாகும், மைனஸ் 5.6இல் பத்தில் ஒன்பது. நடுவில் மூன்று பாகைகூட இல்லை. ஒன்ராறியோவில் 2012ஆம் ஆண்டு நடந்ததைத் தோட்டக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். மார்ச் நடுவில் 20 பாகைக்கு மேல் வெயில். மரங்கள் வாரக்கணக்கில் முந்திப் பூத்தன. ஏப்ரலில் விழுந்த உறைபனி மாகாணத்தின் அப்பிள் விளைச்சலில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. அப்பிளுக்கும் முன்னால் பூப்பது ஏப்ரிகொட்.

ஊரில் மாம்பூப் பூத்த நேரம் மழையோ மூடுபனியோ வந்தால் பூக் கருகிவிடும் என்று அப்பு வானத்தைப் பார்த்தபடியே இருப்பார். இங்கே ஏப்ரலில் நான் கைபேசியில் இரவு வெப்பநிலையைப் பார்த்தபடி இருக்கிறேன்.

துணை மரம் வேண்டுமா, இடம் இருக்கிறதா? சில ரகங்கள் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். சிலவற்றுக்கு அருகில் வேறு ரக ஏப்ரிகொட் ஒன்று கட்டாயம் வேண்டும். வளர்ந்த மரம் 4, 5 மீற்றர் அகலம் எடுக்கும். இரண்டு மரமென்றால் புதுக் குடியிருப்புகளின் பின்வளவு அத்தோடு சரி.

பழம் எதற்கு? கையில் எடுத்துக் கடிக்கவா, ஜாம் காய்ச்சவா?

உங்களால் எவ்வளவு வேலை செய்ய முடியும்? வருடத்தில் எந்தெந்த மாதம் வீட்டில் இருப்பீர்கள் என்பதும் இதற்குள் அடங்கும்.

## ஹாரோ ஒட்டுக்கன்றுகள்

ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலையில், ஈரி ஏரிக்கு அருகே ஹாரோ என்ற சிற்றூரில் கனடிய அரசின் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ஏப்ரிகொட்டுகளின் பெயர்கள் 'ஹார்' என்று தொடங்கும்: ஹார்கொட், ஹார்கிராண்ட், ஹாரோஜெம், ஹார்லேன், ஹார்குளோ. ஹார்கொட் 1977இல் வெளிவந்தது. மற்றவை அடுத்த சில வருடங்களில் வந்தன.

சுவையில் இவற்றுக்கு நிகரில்லை. மரத்திலேயே பழுத்த ஹார்கொட்டைக் காம்பைத் திருகிப் பறித்து இரண்டாகப் பிரித்தால் கொட்டை ஒட்டாமல் தனியே கழன்று வரும். சாறு முழங்கைவரை வழியும். கடையில் வாங்கும் பழம் பயணத்துக்காகக் காயாகப் பறிக்கப்பட்டது, அதில் இந்த மணம் வராது. ஹார்கொட் ஜூலை நடுவில் பழுக்கும். ஹார்கிராண்ட்டின் பழம் பெரிது. ஹாரோஜெம் அளவில் சிறிது, சிவப்புப் பூசிய அழகான பழம், பறித்தபின் நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

வீட்டுக்காரர் பார்க்கவேண்டியது வேறு இரண்டு பெயர்களை. ஹார்லேனின் மொட்டுகள் இந்தக் கூட்டத்தில் குளிரை அதிகம் தாங்குபவை. ஹார்குளோ மற்றவற்றைவிடச் சில நாள் பிந்திப் பூக்கும். சில நாள்தானே என்று நினைக்கலாம். என் வளவில் இரண்டாவதாக வைத்தது ஹார்குளோ. சுவரோரத்து ஹார்கொட் பூத்து ஒரு வாரம் கழித்துத்தான் அது வாய் திறக்கும். அந்த வாரத்துக்குள் உறைபனி வந்து போன வருடங்கள் இரண்டு. இரண்டிலும் ஹார்குளோ கூடை நிறையக் காய்த்தது. அந்த ஒரு வாரத்தில் பாதி ரகத்தால் வந்தது, பாதி நட்ட இடத்தால் வந்தது. இடத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஹார்குளோ தனி மரமாகவே காய்க்கும். மற்றவற்றுக்கு அருகில் வேறு ரகம் ஒன்று இருப்பது நல்லது. ஆனால் மகரந்தத்தைப் பூவில் சேர்க்க யாராவது வேண்டுமே. 12, 13 பாகைக்குக் கீழே தேனீ கூட்டை விட்டு அதிகம் வெளிவராது. குளிரான வாரத்தில் பூத்தால் பிள்ளைகளின் ஓவியத் தூரிகையை எடுத்துப் பூவுக்குப் பூ தடவிவிடுங்கள். மத்தியானத்தில் அரை மணி நேரம், மூன்று நாள்.

எங்கே கைவிடும்? கட்டை ஏறக்குறைய மைனஸ் 30வரை சமாளித்தாலும், மைனஸ் 25 தாண்டினாலே பூமொட்டுகள் சாகத் தொடங்கும். ஒட்டாவாவில் அப்படிப்பட்ட இரவு அரிதல்ல. அங்கே ஹாரோ மரம் பிழைக்கும், பழமோ வருடத்துக்கு வருடம் மாறும். எட்மன்டனுக்கு இவை வேண்டாம்.

## மஞ்சூரியன் வழி ரகங்கள்

சீனாவின் வடகிழக்கில், மஞ்சூரியாவின் கடுங்குளிரில் வளர்ந்த ஏப்ரிகொட் இனத்தின் பிள்ளைகள் இவை. மனிடோபாவின் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்தில் வெஸ்ட்கொட் உருவானது. அல்பர்ட்டாவின் புரூக்ஸிலிருந்து புரூக்கொட் வந்தது. மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1960களின் தொடக்கத்தில் மூன்கோல்ட், சன்கோல்ட் என்ற இரண்டை ஜோடியாகவே வெளியிட்டது. இந்த மரங்களின் கட்டை மைனஸ் 40 வரையிலான குளிரைக் கண்டவை.

அப்படியானால் ரொறன்ரோவில் இதை வைத்தால் இன்னும் பாதுகாப்புத்தானே என்று எல்லாரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பிழை. மஞ்சூரியாவிலும் நம் புல்வெளி மாகாணங்களான மனிடோபா, சஸ்கச்சுவான், அல்பர்ட்டாவிலும் குளிர் ஒரே பிடியாகப் பிடிக்கும், வசந்தம் வந்தால் ஒரேயடியாக வரும். அந்த மரத்துக்கு நீண்ட ஓய்வு தேவைப்படவில்லை. கொஞ்சம் சூடு வந்தால் உடனே எழும்பிவிடுவது அதன் பிறவிக் குணம். தெற்கு ஒன்ராறியோவில் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மாறிமாறி உருகி உறையும் காலநிலைக்கு அந்தக் குணம் ஒத்துவராது. மைனஸ் 40ஐத் தாங்கும் மரம் இங்கே எல்லாருக்கும் முன்னால் பூத்து, வெறும் மைனஸ் 4இல் முழு விளைச்சலையும் இழக்கும். கல்கரியில் சினூக் காற்று குளிர்காலத்தின் நடுவே சூட்டைக் கொண்டுவருவதால் அங்கேயும் இதே தொல்லை உண்டு.

அடுத்தது துணை மரம். ஒட்டாவாவில் இருக்கும் என் மச்சான் வெஸ்ட்கொட் ஒன்று வாங்கினார். ஒன்றே போதும் என்று கன்று விற்ற இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். நாலாம் வருடத்திலிருந்து மூன்று வசந்தம் அழகாகப் பூத்தது, பழம் ஒன்றோ இரண்டோதான். ஏதோ சத்துக் குறைவு என்று பசளை பசளையாகப் போட்டார். நான் போய்ப் பார்த்தபோது இலை கரும்பச்சையாக, கொப்புகள் ஒரு வருடத்தில் ஆள் உயரம் வளர்ந்திருந்தன. மரத்துக்குச் சத்து வேண்டியிருக்கவில்லை, துணைதான் வேண்டியிருந்தது. புரூக்கொட் ஒன்றை ஐந்து மீற்றர் தள்ளி வைத்தார். அது பூக்க மூன்று வருடம். மொத்தம் எத்தனை வருடம் போனது என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே இந்த வகையை எடுத்தால் முதல் நாளே இரண்டு வெவ்வேறு ரகமாக எடுங்கள். ஒரே ரகத்தில் இரண்டு வாங்கிப் பயனில்லை.

பழம் சிறிது, கொட்டையோடு சதை கொஞ்சம் ஒட்டும், தோலருகே புளிப்பு. வெஸ்ட்கொட் நன்றாகப் பழுத்தால் கையில் எடுத்துச் சாப்பிடவும் நல்லது. மற்றவை ஜாமுக்கு ஏற்றவை. மச்சாள் அந்தப் புளிப்பை வைத்து இஞ்சியும் செத்தல் மிளகாயும் போட்டுச் சட்னி செய்கிறா. மாங்காய்ச் சட்னிக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதுதான் முதலில் முடிகிறது.

## பெரிய தொட்டியும் கராஜும்

இந்த வழியைத்தான் மக்கள் குறைவாக மதிப்பிடுகிறார்கள், அதே நேரம் இதன் செலவையும் குறைவாக மதிப்பிடுகிறார்கள்.

இதில் உள்ள பெரிய வசதி, ஏப்ரல் இரவு உங்கள் கையில் இருக்கிறது. மைனஸ் 4 என்று சொன்னால் மரத்தை உள்ளே தள்ளிவிட்டுத் தூங்கப் போகலாம். என் தொட்டி மரம் கடந்த நாலு வருடத்தில் ஒரு வருடமும் பழம் தராமல் விட்டதில்லை. தந்தது ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கூடை அளவுதான்.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 60 லீற்றர் தொட்டி, ஈர மண்ணோடு ஓர் ஆளின் எடைக்கு வரும். சில்லு வைத்த பலகை இல்லாமல் நகராது. கராஜ் வாசலில் ஒரு படி இருந்தால் அதுவே தினமும் முதுகுக்கு வேலை. தொட்டிக்குள் இருக்கும் வேர், கொப்பைப்போலக் குளிர் தாங்காது. நிலத்தில் மண் போர்வையாக நிற்கும். தொட்டியிலோ நாலு பக்கத்தாலும் உறையும். ஆகவே நவம்பர் கடைசியில், இலை கொட்டியபின், சூடாக்காத கராஜுக்குள் போகவேண்டும். பேஸ்மென்ட் வேண்டாம். அங்கே மரத்துக்கு ஓய்வுக் குளிர் கிடைக்காது, பூவும் வராது. கொண்டோ பல்கனியில் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கராஜ் இல்லாமல் பல்கனியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கவைத்தால் வேர் செத்துப்போக வாய்ப்பு அதிகம், நான் வைக்கமாட்டேன்.

குளிர்காலத்திலும் மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வேரின் ஓரங்களை வெட்டி, புது மண் போடவேண்டும். ஜூலையில் தினமும் தண்ணீர். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் குடும்பம் என்றால், அந்த மூன்று நாலு வாரம் யார் ஊற்றுவது என்று முதலே முடிவு செய்யுங்கள். நாங்கள் போயிருந்த ஒரு வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் அந்த மரத்தைக் காப்பாற்றினான். வந்ததும் முதல் போத்தல் ஜாமை அவனிடம் கொடுத்தோம்.

## ஏப்ரிகொட்டை விட்டுவிட்டுப் புளிப்புச் செரி

ஒப்பீடு என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும். சஸ்கச்சுவான் பல்கலைக்கழகம் 1999இல் வெளியிட்ட கார்மைன் ஜுவல் என்ற புளிப்புச் செரி, ஆளுயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் பற்றை. தனியே காய்க்கும். புல்வெளி மாகாணக் குளிரைத் தாங்கும். ஏப்ரிகொட்டுக்குப் பிந்திப் பூப்பதால் உறைபனிக்குத் தப்புவது அதிகம். மூன்றாம் நாலாம் வருடமே கை நிறையப் பழம் தரும். வலை போடாவிட்டால் பறவைகள் ஒன்றும் மிச்சம் வைக்காது, அது ஒன்றுதான் செலவு. தெற்கு ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி பிளம்ஸும் உண்டு. அதுவும் தனியே காய்க்கும், ஏப்ரிகொட்டுக்குப் பிறகு பூக்கும்.

வருடம் தவறாமல் பழம் வேண்டும், ஏப்ரல் இரவில் போர்வையோடு ஓட முடியாது என்பவர்களுக்கு நான் செரியைத்தான் சொல்வேன். ஏப்ரிகொட்டின் வாசனையை அது தராது. அந்த வாசனைக்காகவே மரம் வைப்பவர்களை வேறு எதனாலும் சமாதானப்படுத்தவும் முடியாது.

சாப்பிட்ட பழத்தின் கொட்டையைப் போட்டு முளைக்கவைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஈரத் துணியில் சுற்றி இரண்டு மூன்று மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் முளைக்கும். தாயைப்போல் பிள்ளை வரும் என்று உறுதியில்லை, காய்க்க ஐந்தாறு வருடம் ஆகலாம். பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க அழகான வேலை, இருக்கும் ஒரே இடத்தை அதற்குக் கொடுக்கவேண்டாம். கொட்டைக்குள் இருக்கும் பருப்பைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். அது உடம்புக்குள் போய்ச் சயனைட் நஞ்சாக மாறக்கூடியது.

## ஒரே பார்வையில்

| | ஹாரோ | மஞ்சூரியன் வழி | தொட்டி | புளிப்புச் செரி |
|---|---|---|---|---|
| கட்டை | வலயம் 5 முதல் | வலயம் 3, 4 முதல் | கராஜைப் பொறுத்தது | வலயம் 3 முதல் |
| பூ உறைபனிக்குத் தப்புவது | தெற்கு ஒன்ராறியோவில் நடுத்தரம், ஹார்குளோ சற்று மேல் | தெற்கு ஒன்ராறியோவில் குறைவு, புல்வெளியில் பரவாயில்லை | அதிகம் | அதிகம் |
| துணை மரம் | ரகத்தைப் பொறுத்தது, ஹார்குளோவுக்கு வேண்டாம் | கட்டாயம் | ரகத்தைப் பொறுத்தது | வேண்டாம் |
| பழம் | இனிப்பு, மணம், பெரிது | சிறிது, புளிப்பு | ரகத்தின் சுவை, அளவு குறைவு | புளிப்பு |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | இரவுக் காவல், நோய் | இரண்டாவது மரத்தின் இடம் | முதுகு, கோடைத் தண்ணீர் | பறவை வலை |

## எந்த வகை என்றாலும், இடம்

நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். தெற்குச் சுவர் பெப்ரவரி வெயிலைச் சேர்த்து வைத்து மரத்தை எழுப்பிவிடும். வீட்டின் கிழக்கு அல்லது வடகிழக்குப் பக்கம், கோடையில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வெயில் விழும், குளிர்காலத்தில் நிழல் கிடைக்கும் இடம் இருந்தால் அதுதான் சரி. என் ஹார்குளோ அப்படி ஓர் இடத்தில், வேலியிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி நிற்கிறது. மார்ச்சில் மற்ற இடமெல்லாம் புல் தெரியும்போது அதன் அடியில் மட்டும் ஸ்னோ கிடக்கும். வளவின் ஆகப் பள்ளமான மூலையையும் தவிருங்கள், இரவில் குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும்.

அப்புறம் மண். புதுக் குடியிருப்புகளில் புல்லுக்குக் கீழே ஒரு சாண் நல்ல மண், அதற்குக் கீழே இயந்திரம் ஏறி இறுகிய களிமண். அதில் கிடங்கு வெட்டி மரம் வைத்தால் வாளிக்குள் வைத்ததுபோலத்தான். ஏப்ரிகொட் வேர் நீரில் நிற்கப் பொறுக்காது. நிலமட்டத்துக்கு மேலே 30, 40 சென்டிமீற்றர் உயரத்துக்கு அகலமான மேடு கட்டி, அதில் நடுங்கள். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும்.

இலையுதிர்காலத்தில் வெள்ளை லேட்டெக்ஸ் வர்ணத்தைச் சம அளவு தண்ணீரில் கலந்து அடிமரத்துக்குப் பூசுங்கள். பகலில் வெயில் சுட்டு இரவில் உறைவதால் தென்மேற்குப் பக்கத்துப் பட்டை வெடிக்கும், அந்த வெடிப்பால் நோய் உள்ளே போகும். வெள்ளை அதைத் தடுக்கும். முயல் கடிக்காமல் அடிமரத்தைச் சுற்றி ஒரு உறையும் போடவேண்டும். ஸ்னோ உயர்ந்தால் முயலுக்கும் வாய் எட்டும் உயரம் கூடும், அதையும் கணக்கில் எடுங்கள்.

## கடைக்காரர் சொல்லாத செலவுகள்

கன்றின் விலை இதில் மிகச் சிறிய பங்கு. உறைபனித் துணியைப் பெரிய மரத்துக்குப் போர்த்த இரண்டு பேர் வேண்டும். துணி நிலம்வரை தொங்கினால்தான் மண்ணின் சூடு உள்ளே நிற்கும். அதனால் கிடைப்பது இரண்டு, மூன்று பாகை. அடியில் பழைய இழை பல்பு நத்தார் விளக்குச் சரம் ஒன்றைக் கொளுத்தினால் இன்னும் கொஞ்சம். எல்ஈடி சரத்தில் சூடு வராது. விடிந்ததும் துணியை எடுங்கள், இல்லாவிட்டால் தேனீ வராது. இதனால்தான் மரத்தை மூன்று மீற்றருக்கு மேல் போக நான் விடுவதில்லை. கொப்பு வெட்டுவதைக் கடுங்குளிரில் செய்யாமல், பூத்து முடிந்தபின் மழையில்லாத நாட்களாகப் பார்த்துச் செய்கிறேன். ஈரத்திலும் குளிரிலும் வெட்டிய காயம் ஆறாமல் பிசின் வடிந்து புண்ணாகும்.

பழுப்பு அழுகல் நோய் பூவிலேயே தொடங்கிப் பழத்தில் முடியும். மரத்தில் வற்றித் தொங்கும் பழங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி வளவை விட்டு வெளியேற்றுங்கள். பிஞ்சில் பிறைபோல் கீறி முட்டை இடும் கூன்வண்டு இன்னொன்று. உதிர்ந்த பிஞ்சைத் தினமும் கூட்டி எடுத்தால் அது குறையும். ஒன்ராறியோவில் 2009 முதல் வீட்டு வளவுகளில் அழகுக்காகப் பூச்சிமருந்து பாவிப்பது தடை என்பதால், கடையில் வாங்கக்கூடிய மருந்துகள் சிலவே. கையால் செய்யும் வேலையைத்தான் நம்பவேண்டும். பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது ஐந்தாறு சென்டிமீற்றருக்கு ஒன்றாக விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் கிள்ளுங்கள். பழம் ஒன்றையொன்று முட்டாமல் இருந்தால் அழுகலும் பரவாது.

அணில்கள் பழுக்குமுன்பே வரும், ரக்கூன் பழுத்த அன்று இரவு வரும். என்னிடம் முழுத் தீர்வு இல்லை. மூன்று மீற்றர் மரத்துக்கு வலை போட முடியும், ஆறு மீற்றருக்கு முடியாது.

## மூவருக்கும் சொன்னது

பிரம்ப்டன் தம்பிக்கு ஹார்குளோ ஒன்று, வடகிழக்கு மூலையில், மேடு கட்டி. அவர் வீட்டில் ஏப்ரல் மாதம் இரண்டு பேர் இருப்பார்கள், போர்வை போடலாம். இடம் தெற்குச் சுவர் மட்டும்தான் என்றிருந்தால் செரி வைக்கச் சொல்லியிருப்பேன்.

ஒட்டாவா நண்பருக்கு முடிவு சொல்வது கடினமாக இருந்தது. அங்கே ஜனவரியும் கடிக்கும், ஏப்ரலும் ஏமாற்றும். நகரின் உள்ளே, காற்று மறைவான வளவு என்றால் ஹார்லேன். வெளியே, திறந்த வெளி என்றால் வெஸ்ட்கொட்டும் புரூக்கொட்டும். அவரிடம் பெரிய கராஜ் இருக்கிறது, முதுகும் நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் தொட்டியில் ஒரு ஹார்குளோ என்று முடித்தோம்.

எட்மன்டன் அக்காவுக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வெஸ்ட்கொட் ஒன்று, புரூக்கொட் ஒன்று, இடையில் ஐந்து மீற்றர். பழம் புளிக்குமே தம்பி என்றா. ஜாமும் சட்னியும் என்றேன், சரி என்று சொல்லிவிட்டா. கன்றுகள் மே மாதம் வருகின்றன. கிடங்கு வெட்டுமுன் நிலத்தடி எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று குறித்துத் தரச் சொல்லி மகன் இப்போதே பதிவு செய்திருக்கிறார்.